வெர்செய்ல்ஸ் மட்டுமா காரணம்? வைமர் குடியரசு வீழ்ந்த விதம் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: வகுப்பறை

அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு வரலாறு கற்பித்து வருகிறேன். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தை நடத்தும்போது, ஒவ்வோர் ஆண்டும் ஒரே வரிசையில்தான் சொல்லி வந்திருக்கிறேன். 1919 ஜூன் 28 அன்று கையெழுத்தான வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை ஜெர்மனியை அவமானப்படுத்தியது. போர் இழப்பீட்டுச் சுமை நாட்டை அழுத்தியது. பணவீக்கத்தில் மக்களின் சேமிப்பு கரைந்தது. சினம் கொண்ட மக்கள் ஹிட்லரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வில் இந்த நான்கையும் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

இந்த ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், பணவீக்கம் வந்தது 1923இல் என்கிறீர்கள். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933இல். நடுவில் பத்து வருஷம் அந்தக் கோபத்தை எங்கே வைத்திருந்தார்கள்?" என்று கேட்டாள். வகுப்பு முடியும் மணி அடித்ததால் அன்று தப்பித்தேன். ஆனால் அவளுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஹிட்லர் சட்டத்தை மீறாமல்தான் ஆட்சியைப் பிடித்தார் என்று பலரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்; அது எந்த அளவுக்கு உண்மை என்பதையும் அறிய விரும்புகிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் பிழையின்றிச் சொல்ல வேண்டும் என்பதால், விரிவாக எழுதினாலும் பொறுமையாகப் படிப்பேன்.

பதில் 1: பொருநை

உங்கள் மாணவி பிடித்திருப்பது அந்தக் கதையில் உண்மையாகவே இருக்கும் ஓட்டை. அடுத்த வகுப்பில் தேர்தல் முடிவுகளை மட்டும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். 1928 மே மாதத் தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சி பெற்றது 2.6 சதவீத வாக்குகளும் 12 இடங்களும். 1930 செப்டம்பரில் அதே கட்சி 18.3 சதவீதத்துடன் 107 இடங்களைப் பெற்று இரண்டாவது பெரிய கட்சியானது. 1932 ஜூலையில் 37.3 சதவீதமும் 230 இடங்களும் பெற்று முதலிடத்துக்கு வந்தது. வெர்செய்ல்ஸ் கையெழுத்தாகி ஒன்பது ஆண்டுகளும், பணம் காகிதமாகி ஐந்து ஆண்டுகளும் கடந்த பின்னரும் நூறு பேரில் மூவர்கூட அந்தக் கட்சிக்கு வாக்களிக்கவில்லை. ஆகவே மாற்றம் 1928க்கும் 1932க்கும் நடுவில் நிகழ்ந்திருக்கிறது. காரணத்தையும் அங்கேதான் தேட வேண்டும்.

முதலில் பணவீக்கத்தைப் பார்ப்போம். அதற்கு இழப்பீடு ஒன்றே காரணம் என்பது சரியன்று. முதல் உலகப் போருக்கான செலவை ஜெர்மனி பெரும்பாலும் வரியால் அல்லாமல் கடனால்தான் சமாளித்தது; வென்ற பிறகு தோற்றவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. தோற்றதும் அந்தக் கடன் முழுவதும், மன்னராட்சி நீங்கி வந்த புதிய குடியரசின், அதாவது வைமர் குடியரசின், தலையில் விழுந்தது. 1921இல் நேச நாடுகள் நிர்ணயித்த இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க். அதில் 8,200 கோடி, வசூலாகும் என்று கேட்டவர்களே நம்பாத பங்கு. தங்கள் நாட்டு மக்களைத் திருப்திப்படுத்துவதற்காகச் சேர்க்கப்பட்டது. 1923 ஜனவரியில், தவணை தவறியதைக் காரணம் காட்டி, பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் தொழில் மையமான ரூர் பகுதிக்குள் படையை அனுப்பின. அங்கே வேலையை நிறுத்திய தொழிலாளர்களுக்கு ஜெர்மன் அரசு பணத்தை அச்சடித்துக் கொடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஒரு டாலரின் விலை 4.2 லட்சம் கோடி மார்க். ஆனால் அதே நவம்பரில் ரென்டன்மார்க் என்ற புதிய நாணயம் வந்தது. 1924இல் டாவ்ஸ் திட்டத்தின்படி தவணைகள் திருத்தப்பட்டு, அமெரிக்கக் கடனும் வந்தது. அடுத்த ஐந்தாண்டுகள் ஓரளவு அமைதியாகவே கழிந்தன. கோபம் மறையவில்லை, ஆனால் கூலியும் வேலையும் இருந்தவரை அது ஹிட்லருக்கான வாக்காகத் திரளவில்லை.

1929இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தபின் அமெரிக்கக் கடன் வற்றத் தொடங்கியது. 1932இன் தொடக்கத்தில் வேலையற்றவர்களின் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தொட்டது. இந்த இடத்தில் பாடநூல்கள் பலவும் மாணவர்களைத் தவறான எண்ணத்தில் விட்டுவிடுகின்றன. ஹிட்லர் பதவியை நெருங்கியபோது ஜெர்மனியில் இருந்தது பணவீக்கம் அன்று. அதற்கு நேர்மாறான பணச்சுருக்கம். விலைகள் இறங்கின, கூலி இறங்கியது, கடைகளில் பொருள் இருந்தும் வாங்குபவர் கையில் காசு இல்லை. 1930 மார்ச்சில் பிரதமரான ஹைன்ரிச் புரூனிங் அரசுச் செலவைக் குறைத்தார், ஊழியர் சம்பளத்தை வெட்டினார், வரியை உயர்த்தினார். 1931 டிசம்பரில் கூலி விகிதங்களை 1927 தொடக்கத்தில் இருந்த அளவுக்கே இறக்க ஆணையிட்டார். நோயாளிக்குப் பட்டினி போட்ட வைத்தியம் அது. ஜெர்மனியால் இழப்பீடு கட்ட முடியாது என்பதை உலகுக்குக் காட்டும் நோக்கமும் அதில் இருந்தது.

அந்த நோக்கம் நிறைவேறவும் செய்தது. 1932 ஜூலையில் லோசான் மாநாட்டில் இழப்பீடு நடைமுறையில் முடித்துவைக்கப்பட்டது. பெயருக்கு மீதம் வைத்த 300 கோடி மார்க்கும் ஒருபோதும் கட்டப்படவில்லை. ஹிட்லர் பதவியேற்றதற்கு ஏறத்தாழ ஆறரை மாதங்களுக்கு முன்பே அந்தச் சுமை நீங்கிவிட்டது என்பதை உங்கள் மாணவியிடம் அவசியம் சொல்லுங்கள்.

அப்படியானால் 1923க்கும் 1933க்கும் தொடர்பே இல்லையா என்றால், உண்டு. பணம் காகிதமான அந்த ஆண்டின் அச்சம் ஆட்சியாளர்கள் மனத்தில் ஆழமாக இருந்ததால், வேலையின்மையைப் போக்க அரசு செலவு செய்ய வேண்டும் என்ற யோசனை வந்தபோதெல்லாம் மீண்டும் பணவீக்கம் வந்துவிடும் என்று தள்ளிப்போட்டார்கள். சேமிப்பை இழந்த நடுத்தர வகுப்பினர் 1923இலேயே தங்கள் பழைய கட்சிகளின் மீதான நம்பிக்கையை இழந்திருந்தார்கள். சிறு சிறு கட்சிகளுக்குள் சில காலம் அலைந்த பிறகு அவர்களில் பலர் நாஜிகளிடம் சேர்ந்தார்கள். அந்தப் பத்து வருஷம் கோபம் இருந்த இடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அதைச் சொல்லலாம்.

பதில் 2: தெற்குவாசல்

பொருநை எழுதியிருப்பதை நான் ஏற்கிறேன். ஆனால் பொருளாதாரத்தோடு நிறுத்திவிட்டால் விளக்கம் பாதியில் நிற்கும். அதே பொருளாதார மந்தம் அமெரிக்காவில் உழைப்பாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரை வேலையற்றவராக்கியது. அங்கே 1932 நவம்பரில் மக்கள் ரூஸ்வெல்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்களாட்சி நிலைத்தது. பிரிட்டனிலும் பசி இருந்தது. அங்கும் நாடாளுமன்றம் கலையவில்லை. ஜெர்மனியில் மட்டும் ஏன் முறிந்தது என்றால், அங்கே மந்தம் முழு வேகத்தில் தாக்கும் முன்னரே மக்களாட்சியைத் தள்ளிவைத்து ஆளும் பழக்கத்துக்கு ஒரு சிறு கூட்டம் வழி திறந்துவிட்டிருந்தது. என்னுடைய கருத்து இதுதான்: ஹிட்லர் கொன்றது உயிரோடு இருந்த குடியரசை அன்று, 1930 முதல் மூன்றாண்டுகளாக மூச்சுத் திணறிக்கொண்டிருந்த குடியரசை.

வைமர் அரசமைப்பின் 48ஆம் உறுப்பு, பொது அமைதிக்கு ஆபத்து நேரும்போது குடியரசுத் தலைவர் அவசர ஆணைகளைப் பிறப்பிக்கலாம் என்றது. அடிப்படை உரிமைகள் சிலவற்றை நிறுத்திவைக்கவும் அனுமதித்தது. முதல் தலைவரான ஃபிரெடெரிக் ஏபெர்ட் அதை நூறு முறைக்கும் மேல் பயன்படுத்தினார். ஆனால் கிளர்ச்சிகளும் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிகளும் நிறைந்த அந்த ஆண்டுகளில், குடியரசைக் காப்பதற்காக அதை எடுத்தார். அவருக்குப் பின் 1925இல் வந்த ஹிண்டன்பர்க், மன்னராட்சியில் வளர்ந்த முதிய படைத்தளபதி. 1930 மார்ச்சில், வேலையற்றோர் காப்பீட்டுக்கான பங்களிப்பை 3.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக்குவதா என்ற தகராறில் சமூக ஜனநாயகக் கட்சி தலைமையிலான கூட்டணி அரசு கவிழ்ந்தது. அரை சதவீதத்துக்காகக் கவிழ்ந்த அந்த அரசுதான் நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு இயங்கிய கடைசி வைமர் அரசு. ஹிண்டன்பர்க்கைச் சூழ்ந்திருந்தவர்களுக்கு, முக்கியமாகப் படைத்தலைமையின் அரசியல் மூளையாக இருந்த குர்ட் ஃபான் ஷ்லைகருக்கு, அது வாய்ப்பாக அமைந்தது. சமூக ஜனநாயகவாதிகளை விலக்கி, கட்சிகளைச் சாராமல் தலைவரின் ஆணையால் ஆளும் ஓர் அரசை அவர்கள் முன்பே திட்டமிட்டிருந்தார்கள்.

1930 ஜூலையில் புரூனிங்கின் நிதி ஆணையை நாடாளுமன்றம் நிராகரித்தது. அரசமைப்பின்படி அந்த உரிமை நாடாளுமன்றத்துக்கு இருந்தது. ஹிண்டன்பர்க் நாடாளுமன்றத்தையே கலைத்துவிட்டு, நிராகரிக்கப்பட்ட ஆணையை மீண்டும் பிறப்பித்தார். அந்தத் தேவையற்ற தேர்தலில்தான் நாஜிகள் 12 இடங்களிலிருந்து 107க்குத் தாவினார்கள். அதன்பின் 1931இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் 34, அவசர ஆணைகள் 44. 1932இல் சட்டங்கள் வெறும் 5, ஆணைகள் 60க்குக் குறையாமல். அந்த ஆண்டு முழுவதும் அவை கூடியது 13 நாள்கள். உறுப்பினர்களுக்குச் செய்ய வேலையில்லாத அவையின் மேல் மக்களுக்கு மதிப்பு எப்படி நிற்கும்?

1932 மே இறுதியில் புரூனிங்கையும் நீக்கிவிட்டு ஃபிரான்ஸ் ஃபான் பாப்பனைப் பிரதமராக்கினார்கள். அவர் ஜூலை 20 அன்று 48ஆம் உறுப்பைக் காட்டி, பிரஷ்ய மாநிலத்தின் சமூக ஜனநாயக அரசை நீக்கினார். நாட்டு மக்களில் ஐந்தில் மூன்று பங்கினர் வாழ்ந்த மாநிலம் அது. அதன் காவல்துறைதான் நாஜிகளை அடக்கக்கூடிய பெரும் படையாக இருந்தது. ஹிட்லருக்கு ஆறு மாதம் முன்னதாகவே அந்தக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றியவர் பாப்பன்.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். 1932 நவம்பர் தேர்தலில் நாஜிக் கட்சியின் வாக்கு 1.37 கோடியிலிருந்து 1.17 கோடியாகக் குறைந்தது; இடங்கள் 196ஆக இறங்கின; கட்சி நிதியும் நெருக்கடியில் இருந்தது. ஏறும் அலையின் மீது ஹிட்லர் வரவில்லை. அலை இறங்கத் தொடங்கிய நேரத்தில் மேலே இழுத்துவிடப்பட்டார். தன்னை வெளியேற்றிவிட்டு டிசம்பரில் பிரதமரான ஷ்லைகரைப் பழிவாங்கத் துடித்த பாப்பன், 1933 ஜனவரி 4 அன்று கொலோன் நகரில் ஒரு வங்கியாளரின் வீட்டில் ஹிட்லரைச் சந்தித்தார். ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமர், பாப்பன் துணைப் பிரதமர். அமைச்சரவையில் ஹிட்லருடன் சேர்த்து நாஜிகள் மூவரே இருந்ததால், இரண்டே மாதத்தில் அவரை மூலையில் ஒடுக்கிவிடலாம் என்று பாப்பன் நம்பினார்.

வெர்செய்ல்ஸைப் பற்றி ஒரு சொல். உடன்படிக்கையின் விதிகளைவிட, தோல்வியைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய் அதிக நஞ்சாக இருந்தது என்று நினைக்கிறேன். 1918 செப்டம்பர் 29 அன்று, உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று அரசை வற்புறுத்தியது ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும் நடத்திய படைத்தலைமைதான். கையெழுத்திடும் இழிவை மட்டும் அரசியல்வாதிகளிடம் தள்ளிவிட்டார்கள். அடுத்த ஆண்டே அதே ஹிண்டன்பர்க் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் நின்று, படை முதுகில் குத்தப்பட்டது என்று சொன்னார். போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் 1921 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். வெளியுறவு அமைச்சர் வால்ட்டர் ராத்தெனாவ் 1922 ஜூனில் கொல்லப்பட்டார். அந்தப் பொய்யைச் சொன்னவரை 1925இல் நாடே தலைவராகத் தேர்ந்தெடுத்தது. குடியரசின் சாவியை அதன் பகைவரிடம் கொடுத்த நாள் அது.

பதில் 3: வகுப்பறை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பணச்சுருக்கம் பற்றிய விளக்கம் எனக்கே புதியது. இத்தனை ஆண்டுகள் தவறாகக் கற்பித்ததற்காக வருந்துகிறேன். ஆனால் இப்போது வேறு ஓர் ஐயம் எழுகிறது. மேலிடத்தில் இருந்த நான்கைந்து பேரின் சூழ்ச்சிதான் காரணம் என்று சொன்னால், வாக்களித்தவர்களைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட மாட்டோமா? என் வகுப்பில் உள்ள பிள்ளைகள் மூன்று ஆண்டுகளில் வாக்காளர்களாகப் போகிறவர்கள்.

பதில் 4: பொருநை

நீங்கள் அஞ்சுவது நியாயமே. இந்த இடத்தில் நான் தெற்குவாசலுடன் மாறுபடுகிறேன். 1932 ஜூலை நாடாளுமன்றத்தில் மொத்தம் 608 இடங்கள். நாஜிகள் 230, கம்யூனிஸ்டுகள் 89. வைமர் குடியரசையே ஏற்காத இரு கட்சிகளிடம் அவையில் பாதிக்கும் மேற்பட்ட இடங்கள் இருந்தன. அப்படிப்பட்ட அவையில் நேர்மையான ஒரு பிரதமர்கூடப் பெரும்பான்மையைத் திரட்டுவது கடினம். சூழ்ச்சிக்காரர்கள் கதவைத் திறந்தார்கள் என்பது உண்மை. ஆனால் கதவுக்கு வெளியே ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் நின்றிருக்காவிட்டால் ஹிட்லரை யாரும் வீட்டுக்குள் அழைத்திருக்க மாட்டார்கள்.

யார் அந்த வாக்காளர்கள் என்பதையும் சொல்லுங்கள். வேலையற்றவர்கள் எல்லாரும் ஹிட்லருக்கு வாக்களித்தார்கள் என்பது பரவலான தவறான நம்பிக்கை. வேலையிழந்த தொழிலாளர்களில் மிகுதியானோர் சென்றது கம்யூனிஸ்டுகளிடம். நாஜிகளின் பலம் புராட்டஸ்டன்ட் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் இருந்தது: விளைபொருள் விலை சரிந்து கடனில் நிலத்தை இழந்துகொண்டிருந்த உழவர்கள், சிறு கடைக்காரர்கள், கைவினைஞர்கள், அரசு ஊழியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள். கத்தோலிக்கப் பகுதிகளிலும் தொழிற்சங்கம் வேரூன்றிய இடங்களிலும் அவர்களால் எளிதில் நுழைய முடியவில்லை. எல்லாவற்றையும் இழந்தவர்களைவிட, கையில் இருப்பதை இழந்துவிடுவோமோ என்று அஞ்சியவர்களிடம்தான் அந்தக் கட்சியின் பேச்சு எடுபட்டது.

இடதுசாரிகள் பிளவுபட்டுக் கிடந்ததையும் மறைக்கக் கூடாது. மாஸ்கோவின் வழிகாட்டலில் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சி, சமூக ஜனநாயகவாதிகளைச் சமூகப் பாசிஸ்டுகள் என்று அழைத்து அவர்களையே முதன்மைப் பகைவராக நடத்தியது. சமூக ஜனநாயகவாதிகளோ 1919இல் கம்யூனிஸ்டுகளின் எழுச்சியைப் படையைக் கொண்டு நசுக்கியவர்கள்; அந்த இரத்தம் உலரவே இல்லை. 1932 நவம்பரில் இரு கட்சிகளும் சேர்த்துப் பெற்ற வாக்கு நாஜிகளைவிட அதிகம். சில மாதங்களில் இருவரும் ஒரே முகாம்களில் அடைக்கப்பட்டார்கள்.

பதில் 5: நீதிமன்றச் சாலை

சட்டத்தை மீறாமல் ஆட்சியைப் பிடித்தாரா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். வழக்குரைஞனாக இருப்பதால் இந்தப் பகுதியைப் பலமுறை படித்திருக்கிறேன். பதவியில் அமர்த்தியது சட்டப்படி நடந்தது. குடியரசுத் தலைவருக்கு அந்த அதிகாரம் இருந்தது. அதற்குப் பின் நடந்தவற்றில் சட்டத்தின் உடை இருந்தது, உடல் இல்லை.

1933 பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே 48ஆம் உறுப்பின்கீழ் ஓர் ஆணை வந்தது. பேச்சுரிமை, கூடும் உரிமை, அஞ்சல் மறைவு, வீட்டுக்குள் காவலர் நுழைவதற்கு எதிரான பாதுகாப்பு, நீதிமன்ற உத்தரவின்றிக் கைது செய்யப்படாத உரிமை ஆகிய அனைத்தும் நிறுத்தப்பட்டன. தற்காலிகம் என்று வந்த அந்த ஆணை 1945 வரை நீக்கப்படவேயில்லை. இரகசியக் காவல்துறை ஒருவரைப் பாதுகாப்புக் காவல் என்ற பெயரில் விசாரணையின்றி அடைத்துவைப்பதற்கு அதுவே அடித்தளம். தாஹாவ் வதைமுகாம் திறக்கப்பட்டது மார்ச் 22 அன்று, அதாவது ஹிட்லர் பதவியேற்று எட்டு வாரங்கள் முடியும் முன்னர்.

ஆயிரக்கணக்கான எதிர்க்கட்சியினர் சிறையில் இருக்க, தெருவில் நாஜிகளின் பழுப்புச் சட்டைப் படை துணைக்காவலர்களாகத் திரிய, மார்ச் 5 அன்று தேர்தல் நடந்தது. அப்போதும் நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 சதவீதமே. போட்டி இருந்த எந்தத் தேசியத் தேர்தலிலும் அவர்கள் தனிப்பெரும்பான்மை பெறவில்லை என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். மார்ச் 23 அன்று, நாடாளுமன்றம் இன்றியே அமைச்சரவை சட்டம் இயற்றலாம், அச்சட்டங்கள் அரசமைப்பிலிருந்து மாறுபடவும் செய்யலாம் என்னும் அதிகாரமளிப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. 81 கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அவைக்குள் விடப்படவில்லை. காரணமின்றி வராதவர்களையும் வந்தவர்களாகவே கணக்கிடலாம் என்று அவைத்தலைவர் கோயரிங் விதியை மாற்றினார். அவை கூடிய குரோல் நாடக அரங்கில் பழுப்புச் சட்டைப் படையினர் வரிசைகட்டி நின்றார்கள். வாய்மொழி உறுதிகளை நம்பி கத்தோலிக்க மையக் கட்சி ஆதரித்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94 வாக்குகளும் சமூக ஜனநாயகக் கட்சியினுடையவை. அவர்களின் தலைவர் ஆட்டோ வெல்ஸ், "எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், எங்கள் மானத்தைப் பறிக்க முடியாது" என்று அந்தப் படையினரின் நடுவே நின்று பேசினார்.

ஜூலை 14க்குள் நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சி வைப்பதே குற்றமாகிவிட்டது. 1934 ஜூன் 30 முதல் மூன்று நாள்கள் ஹிட்லரின் ஆணைப்படி கொலைகள் நடந்தன. முன்னாள் பிரதமர் ஷ்லைகரும் அவர் மனைவியும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூலை 3 அன்று, நடந்தவை யாவும் அரசின் தற்காப்பு என்பதால் சட்டபூர்வமானவை என்று ஒரே வாக்கியத்தில் சட்டம் போட்டார்கள். கொலைக்குப் பின் சட்டம் எழுதி அதைச் சட்டத்தின் ஆட்சி என்று எப்படி அழைப்பது? ஆகஸ்ட் 2 அன்று ஹிண்டன்பர்க் இறந்ததும் குடியரசுத் தலைவர், பிரதமர் ஆகிய இரு பதவிகளும் ஹிட்லரிடம் ஒன்றாயின. படைவீரர்கள் நாட்டின் பெயராலோ அரசமைப்பின் பெயராலோ அல்லாமல் ஹிட்லரின் பெயரால் உறுதிமொழி எடுத்தார்கள்.

இதன் விளைவைப் போருடன் இணைத்துச் சொல்வது முக்கியம். நாஜி அமைச்சரவை கடைசியாகக் கூடியது 1938 பிப்ரவரி 5 அன்று. அதே வாரத்தில் போர் அமைச்சரும் தரைப்படைத் தலைவரும் நீக்கப்பட்டு, படைகளின் நேரடித் தலைமையை ஹிட்லர் எடுத்துக்கொண்டார். செக்கோஸ்லோவாக்கியா மீதான போர்த் திட்டத்தை எதிர்த்த தலைமைப் படை அதிகாரி லூட்விக் பெக் அந்த ஆகஸ்டில் பதவி விலகினார். விலகுவதைத் தவிர அவருக்கு வேறு வழியும் இல்லை, முறையிட வேறு இடமும் இல்லை. 1939 செப்டம்பர் 1 அன்று போலந்தின் மீது படை சென்றபோது, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் உடைய ஓர் அவை, ஓர் அமைச்சரவை, ஒரு நீதிமன்றம், ஒரு செய்தித்தாள்கூட அந்நாட்டில் எஞ்சியிருக்கவில்லை. 60 லட்சம் யூதர்களின் படுகொலைக்குச் சென்ற பாதையும், விசாரணையின்றி ஒரு மனிதரை அடைக்கலாம் என்று ஒப்புக்கொண்ட 1933 பிப்ரவரி ஆணையிலிருந்தே தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நம் நாட்டோடு உள்ள தொடர்பையும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். 1949 ஆகஸ்டில் நம் அரசமைப்பு அவையில் நெருக்கடி நிலை விதிகள் விவாதிக்கப்பட்டபோது, அவையின் உறுப்பினர் ஹெச்.வி. காமத் வைமர் அரசமைப்பின் முன்மாதிரியைச் சுட்டிக்காட்டி எச்சரித்தார். 1975 ஜூன் 25 அன்று அந்த விதிகள் பயன்படுத்தப்பட்டன. பின்னர் 1978இல் 44ஆம் திருத்தம், உயிர்வாழும் உரிமையைத் தரும் 21ஆம் உறுப்பை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியது. ஜெர்மனியோ 1949 மே மாத அடிப்படைச் சட்டத்திலேயே, மனித மாண்பையும் மக்களாட்சியையும் எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாதபடி 79ஆம் உறுப்பில் பூட்டியது. அடுத்த பிரதமரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தால்தான், பதவியில் உள்ள பிரதமரைக் கவிழ்க்க முடியும் என்றும் விதித்தது. டீட்டர் கொன்ராட் என்ற ஜெர்மன் சட்டப் பேராசிரியர் 1965இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில், அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லை உண்டு என்று உரையாற்றினார். அந்த வாதம் கோலக்நாத் வழக்கில் எடுத்துவைக்கப்பட்டு, அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றத்தால் சிதைக்க முடியாது என்று 1973இல் கேசவானந்த பாரதி தீர்ப்பு வகுத்த கோட்பாட்டுக்கு வலுவூட்டியது. வைமரின் சாம்பலிலிருந்து எழுந்த ஒரு சிந்தனை நம் உச்ச நீதிமன்றம் வரை வந்திருக்கிறது.

பதில் 6: வகுப்பறை

நீதிமன்றச் சாலை ஐயா, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். இனி இந்தப் பாடத்தை 1928ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து தொடங்கப் போகிறேன். ஒன்றே ஒன்று. அந்த 94 பேர் என்ன ஆனார்கள் என்று என் மாணவி நிச்சயம் கேட்பாள்.

பதில் 7: தெற்குவாசல்

முதலில், பொருநையின் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். வாக்காளர்களை நான் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை.

அந்த உறுப்பினர்களின் கதை ஒன்றுபோல் இல்லை. ஆட்டோ வெல்ஸ் நாட்டைவிட்டு வெளியேறி, போர் தொடங்கிய அதே 1939 செப்டம்பரில் பாரிஸ் நகரில் இறந்தார். எதிர்த்து வாக்களித்த பெண்களில் ஒருவரான லூயிசே ஷ்ரோடர் போருக்குப் பின் பெர்லின் நகரின் பொறுப்பு மேயராக இருந்தார். யூலியுஸ் லேபெரால் வாக்களிக்கவே முடியவில்லை. அன்று அவைக்கு வரும் வழியில் அவரைக் கைது செய்தார்கள், 1945 ஜனவரியில் தூக்கிலிட்டார்கள். முதல் உலகப் போரில் ஒரு கையை இழந்திருந்த குர்ட் ஷூமாகர், ஏறத்தாழ பத்து ஆண்டுகளைச் சிறையிலும் முகாம்களிலும் கழித்துவிட்டு வந்து, போருக்குப் பின் கட்சியின் தலைவரானார். 1949இல் புதிய குடியரசின் முதல் தலைவர் பதவிக்கு அவர் போட்டியிட்டார். வென்றவர் தியோடர் ஹாய்ஸ். 1933 மார்ச் 23 அன்று, தன் சிறிய கட்சியின் முடிவுக்குக் கட்டுப்பட்டு, அதிகாரமளிப்புச் சட்டத்தை ஆதரித்து வாக்களித்தவர் அவர். கதவைத் திறந்துவிட்ட பாப்பனை நியூரம்பெர்க் போர்க்குற்ற நீதிமன்றம் 1946இல் விடுவித்தது.

இன்று பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே, நாஜிகளால் கொல்லப்பட்ட வைமர் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்காக 96 வார்ப்பிரும்புப் பலகைகளை நெருக்கமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் ஒரு பெயரும், அவர் இறந்த இடமும் நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. வாழ்ந்த காலத்தில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத கம்யூனிஸ்டுகளின் பெயர்களும் சமூக ஜனநாயகவாதிகளின் பெயர்களும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. உங்கள் மாணவிக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கள்.